நோயாளி தள்ளிப்போடுகிறார், நல்லா இருப்பவர் போட்டுக்கொள்கிறார்: ஃப்ளூ ஊசியில் ஏன் இப்படி?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. போன வருடம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஃப்ளூ ஊசி போடலாம் என்று சொன்னால், "ஏற்கெனவே இத்தனை மாத்திரை விழுங்குறேன், இது வேறயா? சர்க்கரை குறையட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 72. தினமும் நடக்கிறார், எந்த நோயும் இல்லை. அவர் வருடா வருடம் தவறாமல் போட்டுக்கொள்கிறார். நோய் இருப்பவர்தானே முதலில் போட வேண்டும்? ஏன் தலைகீழாக நடக்கிறது? அப்பாவுக்குப் போடலாமா?

பதில்:

போடலாம், போட வேண்டும். அதற்கான காரணங்களைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். முதலில் உங்கள் "ஏன்" என்ற கேள்வி.

நீங்கள் கவனித்தது உங்கள் தெருவில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. ஊசியை இலவசமாகக் கொடுக்கிற நாடுகளிலும் இதைப் பார்க்கிறார்கள். ஆனால் நோயாளிகள் போடுவதில்லை, ஆரோக்கியமானவர்கள் போடுகிறார்கள் என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான். ஒருவருக்கு நோய் இருப்பது தெரிந்து, அதற்காக டாக்டரிடம் போய்வரத் தொடங்கினால் ஊசி போட்டுக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. அதே நோய் முற்றி, படியிறங்கவே இன்னொருவர் கைபிடிக்க வேண்டும் என்ற நிலை வந்தால் வாய்ப்பு குறைந்துவிடுகிறது. வரைந்து பார்த்தால் ஒரு குன்று போலத் தெரியும். ஒரு பக்க அடிவாரத்தில் "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்கிற இளவயதுக்காரர்கள். உச்சியில், நோயைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஒழுங்காகப் போய்வருபவர்கள். மறுபக்கச் சரிவில் உடம்பு நிஜமாகவே தளர்ந்துபோனவர்கள். ஃப்ளூ அதிகம் பலி வாங்குவது இந்தக் கடைசிக் கூட்டத்தில்தான்.

குன்றின் ஏறுபக்கத்தை இங்கிலாந்தின் கணக்கில் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே 65 வயது ஆன எல்லோருக்கும் ஃப்ளூ ஊசி இலவசம். அதற்குக் குறைந்த வயதுக்காரர்களுக்கும் சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் என்று குறிப்பிட்ட நோய்கள் இருந்தால் இலவசம். 2023-24 குளிர்காலத்தில் 65 வயது தாண்டியவர்களில் 100-க்கு 78 பேர் போட்டுக்கொண்டார்கள். நோயால் தகுதி பெற்ற இளையவர்களில் 41 பேர்தான். இரண்டு பேருக்கும் காசு கிடையாது, ஊசியும் பக்கத்திலேயே கிடைக்கிறது. அப்படியும் இவ்வளவு வித்தியாசம்.

வயதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது. "65 ஆகிவிட்டது, வந்து போட்டுக்கொள்ளுங்கள்" என்று கடிதம் வந்தால் போய்விடுவார்கள். நோய் அப்படியில்லை. முதலில் ஒருவர் தன்னை ஆபத்தில் இருப்பவராக எண்ண வேண்டும். 35 வயதில் வீசிங்குக்கு இன்ஹேலர் எடுத்துக்கொண்டு ஓடியாடி வேலை பார்ப்பவர் தன்னை அப்படி நினைப்பதே இல்லை. நமக்கு ஃப்ளூ வர வாய்ப்பிருக்கிறது, வந்தால் அது பெரிதாகப் போகும் என்று மனதார நம்புபவர்களே ஊசி போடுகிறார்கள் என்று பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உடம்பின் உண்மையான நிலையைவிட, அதைப் பற்றி அவரவர் மனதில் இருக்கும் எண்ணம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

அதே இங்கிலாந்தில் நோய்க்கு நோய் வித்தியாசம் உண்டு. சர்க்கரை நோயாளிகள் மற்றவர்களைவிட அதிகமாகப் போட்டுக்கொள்கிறார்கள். கல்லீரல் நோய் உள்ளவர்களும் மிக அதிக உடல் பருமன் உள்ளவர்களும் பின்தங்குகிறார்கள். சர்க்கரை நோயாளி ரத்தப் பரிசோதனைக்கு, கால் பரிசோதனைக்கு, மருந்துச் சீட்டுக்கு என்று அடிக்கடி போய்வருகிறார். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் ஊசியைப் பற்றி ஞாபகப்படுத்த வாய்ப்பிருக்கிறது. பருமனாக இருப்பவருக்கும் குடியால் கல்லீரல் கெட்டவருக்கும் மருத்துவமனைக்குப் போவதே கூச்சமான காரியம். போனால் முதலில் கேட்பது வசவாகத்தான் இருக்கும் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். புகைபிடிப்பவர்களிடமும் இதே கதைதான். ஃப்ளூ வந்தால் நுரையீரல் சட்டென்று கெடக்கூடியவர்கள், ஆனால் ஊசி போடுவதில் பின்தங்கியவர்கள்.

இறங்குபக்கத்துக்கு வருவோம். இதைப் பிடித்துக் காட்டியதில் முக்கியமானது அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் நடந்த ஒரு ஆய்வு. லிசா ஜாக்சன் தலைமையிலான குழு 65 வயதுக்கு மேற்பட்ட 72,527 பேரின் மருத்துவப் பதிவுகளைப் பல வருடங்களுக்குத் தொடர்ந்து பார்த்து 2006-இல் வெளியிட்டது. அதற்கு முன்பு வந்த ஆய்வுகள், ஊசி போட்ட முதியவர்கள் போடாதவர்களைவிடக் குளிர்காலத்தில் பாதி அளவே இறக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தன. ஜாக்சன் குழு ஒரு எளிய கேள்வி கேட்டது: ஃப்ளூ பரவத் தொடங்கும் முன்பே நிலைமை எப்படி இருக்கிறது?

அந்த மாதங்களில் ஊரில் ஃப்ளூ கிருமியே இல்லை. ஊசி காப்பாற்றுவதற்கு ஒன்றுமில்லை. அப்படியென்றால் இரண்டு பிரிவிலும் இறப்பு ஒரே அளவில் இருந்திருக்க வேண்டும். ஆனால் போடாதவர்களில் 100 பேர் இறந்தால், போட்டவர்களில் அதே விகிதக் கணக்கில் 39 பேர்தான் இறந்திருந்தார்கள். ஃப்ளூ காலத்தில் இந்த எண் 56. காலம் முடிந்த பிறகு 74. ஊசி வேலை செய்யவே வாய்ப்பில்லாத மாதங்களில்தான் வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தது. இதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு. ஊசி போட வந்தவர்கள் ஏற்கெனவே திடமாக இருந்தவர்கள். அந்த வருடத்தைத் தாண்டுவதே சந்தேகம் என்ற நிலையில் இருந்தவர்கள் வரவேயில்லை. குளிக்க இன்னொருவர் உதவி தேவைப்படுகிற முதியவர்கள் ஊசி போடுவது குறைவு என்பதையும் அதே குழு இன்னொரு ஆய்வில் காட்டியது.

வெறும் சர்க்கரை, பிரஷர் என்ற பெயர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் இதய நோய் என்று பதிவில் இருக்கும். ஒருவர் கடைக்குப் போய் காய்கறி வாங்கிவருவார், இன்னொருவர் கட்டிலை விட்டு எழமாட்டார். ஊசி போடுவதைத் தீர்மானிப்பது இந்த வித்தியாசம்தான். இதில் பாதி வெறும் போக்குவரத்துப் பிரச்சினை. மீதிப் பாதி மனம் சம்பந்தப்பட்டது. மிகவும் தளர்ந்துபோனவர் விஷயத்தில் குடும்பமும் சரி, டாக்டரும் சரி, "இனிமேல் எதற்கு இன்னொரு ஊசி, பாவம்" என்று விட்டுவிடுகிறார்கள். அன்பில்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அவருக்குத்தான் ஒரு வாரக் காய்ச்சல் நிமோனியாவாக மாறும்.

அப்படியானால் ஊசியால் பலனே இல்லையா என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறான முடிவுக்குப் போகிறார்கள். ஜாக்சனின் ஆய்வு சொன்னது, பழைய ஆய்வுகளில் ஊசியின் பலன் பெரிதாக்கப்பட்டிருந்தது என்பதைத்தான். எவ்வளவு பலன் என்று சரியாகத் தெரிய வேண்டுமென்றால், யார் போடுவது என்பதை நோயாளியின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் அப்பாவைப் போன்றவர்களிடமே அப்படி ஒரு சோதனை நடந்திருக்கிறது.

ஸ்வீடன் மருத்துவர்கள் முன்னின்று 8 நாடுகளில் நடத்திய சோதனை அது. நம் பக்கத்து நாடான பங்களாதேஷும் அதில் ஒன்று. 2021-இல் முடிவு வந்தது. மாரடைப்பு வந்து மருத்துவமனையில் இருந்த 2,571 பேரைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, 3 நாளுக்குள் ஒரு பிரிவுக்கு ஃப்ளூ ஊசியும் இன்னொரு பிரிவுக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, இறப்பு, மறுபடி மாரடைப்பு, ஸ்டென்டில் ரத்தம் உறைவது ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் உப்புநீர்ப் பிரிவில் 7.2 சதவீதம், ஊசிப் பிரிவில் 5.3 சதவீதம். இறப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் 4.9-க்கு எதிராக 2.9. கோவிட் வந்ததால் சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது; அப்படியும் இந்த அளவு தெரிந்தது. மாரடைப்பு வந்து மூன்று நாள்கூட ஆகாத உடம்பு அந்த ஊசியைத் தாங்கியது என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள்.

ஃப்ளூவுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? காய்ச்சலை எதிர்த்து உடம்பு போராடும்போது ரத்தக் குழாய்களில் அழற்சி கூடுகிறது, ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, இதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே கொழுப்புப் படிந்த குழாய் அந்தச் சமயத்தில்தான் அடைத்துக்கொள்ளும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2018-இல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியான பிறகு வரும் முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைப் போல 6 மடங்கு இருந்தது. அதனால் அப்பாவிடம் "சளி பிடிக்காமல் இருக்க ஊசி" என்று சொல்லாதீர்கள். சளிக்கெல்லாம் பயப்படுகிற வயதில் அவர் இல்லை. ஸ்டென்டைக் காப்பாற்றும் வைத்தியத்தில் இதுவும் ஒரு பகுதி என்று சொல்லுங்கள்.

டென்மார்க்கில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2022-23-இல் 65 தாண்டிய ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிரித்து, விதவிதமான வாசகங்களுடன் மின்கடிதம் அனுப்பினார்கள். ஊசி இதயத்துக்கும் நல்லது என்று சொன்ன கடிதம் சற்று கூடுதலான பேரைக் கூட்டிவந்தது. முதியவர்களில் 80 சதவீதம் பேர் எப்படியும் போட்டுக்கொள்கிற நாடு என்பதால் ஏற்றம் சிறியதுதான். அடுத்த வருடம் நாள்பட்ட நோய் உள்ள இளையவர்களுக்கு அனுப்பியபோது விளைவு பெரிதாக இருந்தது. கடிதம் போகாதவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் போட்டார்கள். கடிதம் போனவர்களில் 40 சதவீதத்தை நெருங்கியது. 

நம் ஊர்க் கதை வேறு. இங்கே ஃப்ளூ ஊசி குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்திலேயே கிடையாது, பெரியவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். பெரும்பாலும் தனியார் மருத்துவமனையில் கையிலிருந்து காசு கொடுத்துத்தான் போட வேண்டும். 2017-18-இல் இந்தியா முழுக்க எடுத்த முதியோர் கணக்கெடுப்பில், 60 வயது தாண்டியவர்களில் ஃப்ளூ ஊசி போட்டிருந்தவர்கள் 1.5 சதவீதம். 100 பேரில் இரண்டு பேர்கூட இல்லை. இந்த நிலையில் ஒருவர் போட்டிருக்கிறார் என்றால் அது அவருடைய உடல்நிலையைவிட அவருடைய சூழலைத்தான் அதிகம் காட்டுகிறது. உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு வருடாந்திரப் பரிசோதனைக்குப் போகும் வசதி இருக்கலாம், பேசத் தெரிந்த குடும்ப டாக்டர் இருக்கலாம், வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ ஞாபகப்படுத்தலாம். தினமும் நடக்கிற பழக்கம், உணவில் கவனம், வருடாந்திர ஊசி எல்லாம் ஒரே மனிதரிடம் சேர்ந்து வருபவை. சியாட்டிலில் கண்டதும் அதேதான்.

நோயாளிக்கு டாக்டரோடு பழக்கம் அதிகமாயிற்றே, அங்கேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். டாக்டரின் ஒரு வார்த்தையைப் போல இந்த விஷயத்தில் வேலை செய்வது வேறெதுவும் இல்லை. ஆனால் அந்த வார்த்தை வருவதில்லை. இதய டாக்டர் எக்கோ பார்க்கிறார், சர்க்கரை டாக்டர் மூன்று மாதச் சராசரியைப் பார்க்கிறார், கண் டாக்டர் விழித்திரையைப் பார்க்கிறார். ஊசி எந்த உறுப்பின் கணக்கிலும் வராததால் யாருடைய சீட்டிலும் வருவதில்லை. ஓ.பி.யில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் இருக்கிற பிரச்சினையைப் பேசவே நேரம் போதாது. வராத காய்ச்சலைப் பற்றிப் பேச எங்கே நேரம்? நோய்கள் கூடக் கூட இந்த நெருக்கடியும் கூடுகிறது. இதற்காக எந்த டாக்டரையும் குறை சொல்ல மாட்டேன். ஏற்பாடு அப்படி இருக்கிறது, அதை மாற்ற முடியும் என்றும் உறுதியாக நம்புகிறேன். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே போகின்றன. நடக்க முடியாதவர் யார், எந்தத் தெருவில் இருக்கிறார் என்ற விவரம் அந்த ஊழியர்களுக்குத் தெரியும். ஊசியைக் குளிர்ச்சியாக வைக்கும் வசதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் குழந்தைகளின் தடுப்பூசிக்காக ஏற்கெனவே இருக்கிறது. சரிவின் மறுபக்கத்தில் இருப்பவர்களை எட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இனி அப்பாவின் தயக்கங்கள். "சர்க்கரை குறையட்டும்" என்று அவர் சொல்வதைத்தான் நான் முதலில் எடுப்பேன், ஏனென்றால் நோயாளிகளை ஊசியிலிருந்து தள்ளி வைப்பதில் இதற்குத்தான் பெரிய பங்கு. உடம்பு முழுசாகத் தேறிய பிறகு போடலாம் என்று காத்திருப்பார்கள். பதினைந்து வருடச் சர்க்கரைக்காரருக்கு அந்த நாள் வரவே வராது. சர்க்கரை இத்தனைக்கு மேல் இருந்தால் போடக்கூடாது என்று எந்த வரம்பும் கிடையாது. லேசான சளி இருந்தாலும் போடலாம். நல்ல காய்ச்சலோ, படுக்கையில் தள்ளும் நோயோ இருந்தால் மட்டும் அது தணியும்வரை தள்ளிப்போடுவார்கள்.

"என் உடம்பு தாங்காது" என்பது அடுத்தது. கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. அதனால் ஃப்ளூ வராது. ஒன்றிரண்டு நாள் கை வலிக்கும், சிலருக்கு உடம்புவலியும் லேசான காய்ச்சலும் இருக்கும். மூக்கில் அடிக்கும் வகை வேறு; அதில் பலவீனப்படுத்திய உயிருள்ள கிருமி இருப்பதால் அப்பாவுக்கு அது வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பார். அதை நிறுத்த வேண்டியதில்லை. மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். ஆனால் ஊசி போடுபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இதே ஊசிக்கு முன்பு கடுமையான ஒவ்வாமை வந்திருந்தாலோ, ஃப்ளூ ஊசி போட்ட 6 வாரத்துக்குள் கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் வந்திருந்தாலோ மட்டும் டாக்டரிடம் பேசாமல் போடக்கூடாது.

அவர் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பயமும் இருக்கலாம். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் கோவிட் தடுப்பூசி போட்ட மறுநாளே மாரடைப்பில் சரிந்ததும், அதற்கடுத்த நாள் இறந்ததும் தமிழ்நாட்டில் இதய நோயாளிகள் வீட்டில் எல்லாம் பேசப்பட்டது. அந்த மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் நிபுணர் குழு ஆராய்ந்து அறிவித்தது. ஆனால் அறிவிப்பு போன தூரத்தைவிடச் செய்தி போன தூரம் அதிகம். அப்பா இதைப் பற்றிப் பேசினால் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். மாரடைப்பைப் பார்த்துவிட்டு வந்த மனிதரின் பயம் அது. கோவிட் ஊசியும் ஃப்ளூ ஊசியும் வேறு வேறு என்பதையும், மேலே சொன்ன சோதனையையும் பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கூட்டிச் சொல்ல வேண்டாம். ஊசி போட்டாலும் ஃப்ளூ வரலாம். அந்த வருடம் பரவும் கிருமியும் ஊசியில் உள்ளதும் பொருந்திப்போனால், ஃப்ளூவுக்காக டாக்டரிடம் போக வேண்டிய நிலை 40 முதல் 60 சதவீதம் வரை குறையும். வயதானவர்களுக்குப் பலன் இன்னும் கொஞ்சம் குறைவு. "வரவே வராது" என்று சொல்லிப் போடவைத்து, பிறகு காய்ச்சல் வந்தால் அடுத்த வருடம் கையை நீட்டமாட்டார். போன வருடம் போட்டவர்தான் இந்த வருடமும் போடுவார் என்பதால் முதல் அனுபவம் நல்லதாக இருப்பது முக்கியம்.

செய்ய வேண்டியது இதுதான். அடுத்த முறை இதய டாக்டரிடம் போகும்போது நீங்களே கேளுங்கள்: "ஃப்ளூ ஊசி போடலாமா, சீட்டில் எழுதித் தருகிறீர்களா?" சீட்டில் வந்துவிட்டால் அப்பாவுக்கு அது அவருடைய மாத்திரைகளின் வரிசையில் சேர்ந்துவிடும், மகனோ மகளோ சொல்லும் யோசனையாக இருக்காது. நிமோனியா ஊசியைப் பற்றியும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஃப்ளூ ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு முறையும் மழைக்காலத்தை ஒட்டி ஒரு முறையும் ஏறும். எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் செப்டம்பரில் போட்டுவிடுவது நம் பக்கத்துக்கு வசதி. உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஊசியில் எந்தக் கிருமி வகைகள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அதனால் பெட்டியில் நடப்புப் பருவம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முன்பு நான்கு வகைக் கிருமி இருந்த ஊசி இப்போது மூன்றாகக் குறைந்திருந்தால் பயப்பட வேண்டாம். நான்காவது வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகத்தில் எங்கேயும் உறுதியாகத் தென்படவில்லை.

அவர் அப்படியும் வேண்டாம் என்றால் சண்டை போடாதீர்கள். நீங்களும் அம்மாவும் போட்டுக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு 6 மாதம் ஆகியிருந்தால் அவர்களுக்கும் குழந்தை டாக்டரைக் கேட்டுப் போடுங்கள். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் வழியாக வீட்டுக்குள் ஃப்ளூ வருவது அதிகம். அப்பாவுக்கு இருமலோடு திடீரென்று காய்ச்சல் வந்தால் கஷாயம் கொடுத்து நாளைக் கடத்தாமல் இரண்டு நாளுக்குள் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.